நீர் வந்த வழியும் நீர் போகும் வழியும்

ஓர் ஊரின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் கோயிலையும் குளத்தையும் முதலிற் கூறுதல் எம்மவர் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். இம்முறையில் நோக்கின், தெல்தெனியவில் வாழும் எமக்குப் பெருமை கொள்ளக் காரணம் ஒன்று உண்டு. கவலை கொள்ளவும் காரணம் ஒன்று உண்டு. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை எமது ஊரின் காலடியிலே விக்டோரியா நீர்த்தேக்கமாகப் பரந்து கிடக்கின்றது, இது பெருமை. அந்நீர் எம்மிடம் வந்து சேருமுன் எத்தனை ஊர்களின் அழுக்கைச் சுமந்து வருகின்றது என்பதை எண்ணுவார் சிலரே, இது கவலை.

கண்டி நகரமும் அதன் சுற்றுப்புறமும் குடிநீரைத் தேடிய வரலாற்றையும், கழிவுநீரைப் போக்கிய வரலாற்றையும் ஈண்டு ஒருங்கு வைத்து நோக்குவோம். இவை இரண்டும் வெவ்வேறு வரலாறுகள் என்று பலரும் நினைத்து வந்துள்ளனர். அந்நினைவினாலேயே பெருந்துன்பங்கள் விளைந்தன என்பது போகப் போக விளங்கும்.

பண்டை இலங்கையர் நீரின் இருவழியையும் அறியாதவரல்லர். வானத்து மழையைக் குளத்திற் கட்டிய அம்மக்கள், கழிவைப் போக்கும் வகையையும் எண்ணினர். அனுராதபுரத்துப் பழைய விகாரைகளின் கழிவிடங்களின் கீழே, அடியிற் துளையிட்ட மட்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணல், கரி முதலியவற்றால் வடித்து நிலத்துள் விட்டமையைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கழிவை அப்படியே ஆற்றில் விடுதல் தகாது என்ற அறிவு எமது மண்ணுக்குப் புதிதன்று.

கண்டி நகரின் நடுவிலே விளங்கும் ஏரியை 1807ஆம் ஆண்டிற் கட்டுவிக்கத் தொடங்கியவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் மரபில் வந்த இவனே, 1815ஆம் ஆண்டில் எமது ஊருக்கு அணித்தாயுள்ள மெதமகநுவரப் பகுதியிற் பிடிபட்டு, பின்னர் வேலூரிற் சிறையிருந்து, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தவன். வயலாகக் கிடந்த பள்ளத்தை மறித்து அவன் ஆக்கிய ஏரி நகரின் அழகுக்கு அழகாயிற்று. மக்களோ மலையடி ஊற்றுக்களிலும் கிணறுகளிலும் நீர் மொண்டனர். ஏரியின் மிகை நீர் மெத எல என்னும் வாய்க்கால் வழியாக நகரின் ஊடே ஓடி, கெட்டம்பேயில் மகாவலியுடன் கலந்தது. சனத்தொகை சிறிதாயிருந்த காலத்தில் இவ்வாய்க்காலால் ஒருவருக்கும் தீங்கில்லை. இதன் பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இது பின்னரும் வரும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலைநாடு கோப்பித் தோட்டமாகவும், பின்னர் தேயிலைத் தோட்டமாகவும் மாறிற்று. தென்னிந்தியாவிலிருந்து எம் முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தனர். வழியிற் குடித்த நீரே பலருக்குக் கூற்றாயிற்று. வாந்திபேதி கண்டு பாதையோரத்தில் மாண்டவர் தொகை கணக்கிலடங்காது. தப்பி வந்து சேர்ந்தவர்களுக்கு வாய்த்தவை லயன் காம்பராக்களும், மலையிலிருந்து வழிந்த பீலித் தண்ணீருமே. மலசலகூடம் என்ற ஒன்று அந்நாளில் லயத்தில் இல்லை. மழை பெய்தால் மேட்டிலிருந்த அழுக்கெல்லாம் கானில் இறங்கி, கீழ் லயத்தார் குடிக்கும் பீலிக்கே வந்தது.

இந்நிலையில் 1916ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். கொழுக்கிப்புழு என்பது மலத்தாற் கெட்ட மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிற் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுவது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறிற்று, நோயாளர் தேறினர். ஆயினும் சில மாதங்களில் அதே தொழிலாளர் மீண்டும் நோயுற்றனர். காரணம் யாது? வயிற்றிலிருந்த புழு போயிற்று. மண்ணிலிருந்த புழு போகவில்லை. மலசலகூடம் கட்டாமல் மருந்து மாத்திரம் கொடுத்தல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாம் என்பது அப்பொழுதே தெளிவாயிற்று. மலைநாட்டுச் சுகாதார வரலாற்றில் எமக்குக் கிடைத்த முதற் பெரும்பாடம் இதுவே.

இப்பாடத்தைப் பெரிய நாடுகளும் உயிரைக் கொடுத்தே கற்றன. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் வீடு வீடாக ஆராய்ந்து, ஒரு தெருக் குழாய்க்கிணற்றின் நீரைக் குடித்தோரே பெரும்பாலும் மாண்டனர் என்று காட்டினார். அந்நகரமே 1858ஆம் ஆண்டு வேனிலில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் தாங்காது தவித்தது. அதன் பின்னரே பசல்கெற் என்னும் பொறியியலாளர் நிலத்தின்கீழ்ப் பெருங்கழிவுக் கால்வாய்களை அமைத்தார். ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க், அல்ரோனா என்னும் இரு நகர்கள் எல்ப் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இருந்தன. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமற் குடித்தது. அல்ரோனா மணலால் வடிகட்டிக் குடித்தது. 1892ஆம் ஆண்டில் வந்த வாந்திபேதியால் ஹாம்பர்க்கில் மாண்டோர் 8,000 பேருக்கு மேல். ஆற்றின் கீழ்ப்புறத்தில், மேலூரின் கழிவு கலந்த நீரையே எடுத்த அல்ரோனாவோ பெரிதும் தப்பியது. குடிநீருக்குக் குளோரீன் இடும் வழக்கம் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908ஆம் ஆண்டில் நிலைபெற்றது. கழிவுநீரிற் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே அதைத் தூய்மையாக்கும் முறை 1914ஆம் ஆண்டில் மன்செஸ்ரர் நகரில் வெளிப்பட்டது. ஆகவே வருகின்ற நீரைத் தூய்மையாக்கும் வித்தையும், போகின்ற நீரைத் தூய்மையாக்கும் வித்தையும் ஏறத்தாழ ஒரே காலத்திலே உலகுக்குக் கிடைத்தன எனலாம்.

கண்டியிலோ முன்னது விரைந்து வந்தது. பின்னது நூறாண்டு பிந்தி வந்தது.

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கொழும்பைப் போலவே கண்டிக்கும் மாநகரசபை அமைந்தது. நகரத்தார் குடிநீருக்கென நகரின் மேலுள்ள துனுமடலாவை மலைக்காட்டில் இரு நீர்த்தேக்கங்கள் ஏற்பட்டன. அந்நீரைக் காக்கும்பொருட்டு முன்னர் பயிர்த்தோட்டமாயிருந்த நிலமும் மீண்டும் காடாக விடப்பட்டது. ஊற்றைக் காக்க வேண்டுமாயின் காட்டைக் காக்க வேண்டும் என்று அறிந்த அந்த நகரபிதாக்களைப் பாராட்டாதிருத்தல் இயலாது. இன்றும் துனுமடலாவைக் காட்டில் நடப்போர் அவ்வறிவின் நிழலிலேயே நடக்கின்றனர். நகரம் வளரவே மலைநீர் போதாதாயிற்று. கெட்டம்பேயில் மகாவலி நீரையே இறைத்துத் தூய்மையாக்கி வழங்கலாயினர். நாடு முழுவதற்கும் இப்பணியைச் செய்யத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975ஆம் ஆண்டு பிறந்தது. அதன் பெயரில் நீர்வழங்கலும் வடிகாலும் இணைந்தே நிற்கின்றன. பெயரில் இருந்த இணைப்பு நிலத்தில் வருவதற்கோ நெடுங்காலம் சென்றது.

குழாய் நீர் வீட்டுக்குள் வந்தவுடன் மக்கள் செலவிடும் நீரும் பெருகிற்று. குடத்திற் சுமந்தவர் ஒரு குடத்தால் முடித்த வேலையைக் குழாய் திறந்தவர் பத்துக் குடத்தால் முடிப்பார். வந்த நீரெல்லாம் போயாக வேண்டுமன்றோ? அது போன இடம் முன்னர்க் கூறிய மெத எல. வீடுகள், கடைகள், உணவகங்கள், விடுதிகள் என்பவற்றின் கழிவெல்லாம் அதனுட் சென்று, கெட்டம்பேயில் மகாவலியை அடைந்தது. 1999ஆம் ஆண்டில் கண்டி ஏரி நீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல மாறிற்று. கழிவிலிருந்த உரச்சத்தை உண்டு நச்சுத் தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி பெருகியதே அதற்குக் காரணம். மன்னன் அழகுக்கெனக் கட்டிய ஏரி, நகரின் நோயை எடுத்துக்காட்டும் கண்ணாடியாயிற்று. மகாவலியின் மேற்பகுதியிலுள்ள கம்பளையில் 2007ஆம் ஆண்டில் செங்கமாரி நோய் பரவிப் பலரைப் படுக்கையில் வீழ்த்தியது. இந்நோய் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது என்பது யாவரும் அறிந்ததே.

இங்கு ஒரு செய்தியைக் கூறாமற் செல்ல முடியவில்லை. ஆண்டுதோறும் கண்டிப் பெரஹரா நிறைவுறும்போது, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பூசகர்கள் கெட்டம்பேத் துறையில் ஆற்றில் இறங்கி, வாளால் நீரை வெட்டி, அந்நீரைக் குடத்தில் முகந்து செல்வர். எம் கோயில்களின் தீர்த்தத் திருவிழாவை ஒத்த இச்சடங்கு நீரைத் தெய்வமாக மதித்த மக்களுடையது. அதே கெட்டம்பேயிலேதான் நகரத்தின் அழுக்கையும் ஆறு ஏற்றுக்கொண்டது. தீர்த்தம் எடுப்பதும் ஒரு துறை, கழிவை விடுவதும் ஒரு துறை என்றால், நாம் நீரை மதித்தோமா, சடங்கை மாத்திரம் மதித்தோமா என்று எம்மை நாமே வினாவுதல் நன்று.

நிற்க, கெட்டம்பேக்குக் கீழே ஆற்றோடு சென்றால் கட்டுகாஸ்தோட்டையை அடைவோம். கண்டிப் பெருநகர்ப் பகுதிக்கு நீர் வழங்குவதற்காக ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அங்கே எழுந்த பெரிய நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் 2007ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36,000 கன மீற்றர் நீரைத் தூய்மையாக்கும் ஆற்றல் அதற்கிருந்தது. எம் பாட்டிமார் கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பர் அல்லவா? அதே தத்துவமே அங்கும். தேற்றாங்கொட்டைக்குப் பதிலாகப் படிகாரம் போன்ற பொருள் சேர்க்கின்றனர். நீரில் மிதக்கும் மண்ணும் மாசும் ஒன்றோடொன்று திரண்டு அடியிற் படிகின்றன. தெளிந்த நீர் மணற்படுக்கையூடே வடிகின்றது. எஞ்சிய கிருமியைக் குளோரீன் கொல்கின்றது. இது நல்ல வேலையே. ஆயினும் மேலே கண்டி விட்ட கழிவைக் கீழே கண்டியே எடுத்துக் கழுவிக் குடித்தது என்பதும் உண்மை. ஆறு எவ்வளவுக்கு அழுக்காகின்றதோ அவ்வளவுக்கு மருந்தும் கூடும், செலவும் கூடும்.

இவ்வுண்மை உணரப்பட்டதன் பயனாகவே 2010ஆம் ஆண்டில் கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்துக்காக ஜப்பானியக் கூட்டுறவு முகவரகத்துடன் கடனுடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. கடன் தொகை 1,400 கோடி யென்னுக்கு மேல். இத்திட்டத்தின்படி நகரின் வீதிகளின் கீழே குழாய்கள் இடப்பட்டன. கழிவுநீர் ஆற்றைக் கடந்து கன்னொறுவை நிலையத்துக்குச் செல்கின்றது. அந்நிலையம் நாளொன்றுக்கு 14,000 கன மீற்றரை ஏற்கும்படி அமைக்கப்பட்டது. அங்கு நடப்பது யாதெனின், பந்தயத் திடல் போல வளைந்த நீண்ட வாய்க்காலிற் கழிவுநீர் இடைவிடாது சுற்றி வருகின்றது. இயந்திரங்கள் அதனுட் காற்றைப் புகுத்துகின்றன. காற்றைப் பெற்ற நுண்ணுயிர்கள் அழுக்கையே உணவாகக் கொண்டு பெருகுகின்றன. பின்னர் அவை சேறாகப் படிய, மேலே தெளிந்த நீர், கிருமி நீக்கிய பின் ஆற்றை அடைகின்றது. அந்தச் சேற்றில் ஒரு பகுதியை மீண்டும் வாய்க்காலுக்கு அனுப்புவர். அது தயிருக்கு உறைமோர் இடுவதை ஒக்கும். குடிநீர் நிலையத்துக்குத் திறப்புவிழா எடுப்போர் பலர். கழிவுநீர் நிலையத்தைப் பார்க்கப் போவோரும் சிலரே. ஆயினும் ஆற்றின் கீழ்ப்புறத்தே வாழும் எமக்கு இரண்டாவது நிலையமே முதலாவதிலும் பெரிய கொடை என்று துணிந்து கூறலாம்.

கீழ்ப்புறத்தார் எனும்போது தெல்தெனியவின் கதையைக் கூறாதிருக்க முடியுமா? துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் உடைய விக்டோரியா அணை பிரித்தானிய உதவியுடன் எழுந்தது. 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் அம்மையாரும் சமுகமளித்திருக்க, அணை திறந்து வைக்கப்பட்டது. 72 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட நீர் தேங்கியது. 210 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றல் நாட்டுக்குக் கிடைத்தது. அந்நீரின் கீழே பழைய தெல்தெனிய அமிழ்ந்தது. கடைத்தெருவும், பிறந்த வீடும், விளைந்த வயலும் நீருக்கு இரையாயின. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. முதியோர் கரையில் நின்று, இது இன்னாருடைய கடை, இது இன்ன வீதி என்று சுட்டிக்காட்டுகின்றனர். நாட்டுக்கு ஒளி கொடுக்கத் தன் ஊரையே கொடுத்தவர்கள் எம் மக்கள் என்றால் அது மிகையாகாது.

அவர்களுட் பல குடும்பங்கள் மகியங்கனைக்கு அப்பாலுள்ள கிராந்துருக்கோட்டைப் பக்கத்துப் புதிய குடியேற்றங்களுக்குச் சென்றன. மலையூற்று நீரைக் குடித்து வளர்ந்தோர் அங்கே கிணறு தோண்டி, உலர்ந்த நிலத்தின் கடினநீரைக் குடித்தனர். வடமத்திய மாகாணத்தில் 1990களில் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னதென்று அறுதியாகத் துணியப்படாத சிறுநீரக நோய், கிராந்துருக்கோட்டையையும் விடவில்லை. நீரின் கடினத் தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலிற் போதிய நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எது எவ்வாறாயினும், நோயுற்ற ஊர்களுக்கு முதலில் தேவைப்பட்டது நல்ல குடிநீரே என்பதில் ஐயமில்லை. நீருக்காக ஊரை இழந்தவர்கள் நல்ல நீருக்காகவே ஏங்க நேர்ந்தமை எத்துணைப் பெரிய துயரம்! நிலமும் வீடும் கொடுத்துக் குடியேற்றுவோர், கிணற்று நீரை முதலிற் சோதித்து அறிதல் வேண்டும் என்ற பாடத்தை அக்குடும்பங்கள் தம் உடம்பாலே எழுதி வைத்துள்ளன.

மகாவலி எமது ஊரோடு நிற்பதுமன்று. எமக்கு மேலே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு முதல் ஆற்றின் ஒரு பகுதி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக உக்குவளைக்குத் திருப்பப்படுகின்றது. அங்கிருந்து அம்பன் கங்கையை அடைந்து, வடமத்திய மாகாணத்துப் பெருங்குளங்களை நிரப்புகின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை கடந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. நுவரெலியாவில் ஒருவர் கானில் எறிவதை நானு ஓயா ஏற்று மகாவலிக்குக் கொடுக்கின்றது. அதே ஆற்று நீரை அனுராதபுரத்து உழவரும் மூதூர் உழவரும் நம்பி வாழ்கின்றனர். சாதி, சமய, மொழி வேறுபாடு ஆற்றுக்குத் தெரியாது. மேலூரான் செய்வதைக் கீழூரான் குடிக்கின்றான் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே நியாயம்.

நாம் கீழூரார் மாத்திரமா? அல்ல, நாமும் ஒருவருக்கு மேலூராரே. நக்கிள்ஸ் மலையிற் பிறக்கும் உளு கங்கை பன்விலப் பக்கத்துத் தோட்டங்களினூடே இறங்கி நீர்த்தேக்கத்திற் கலக்கின்றது. அத்தோட்டத்து லயங்களின் கழிவும், எமது கடைத்தெருவின் கழிவும் எங்கே போகின்றன? நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கே குழாய்வழிக் கழிவுநீர் வசதி உண்டு; ஏனையோர் குழி மலசலகூடத்தையே நம்பியுள்ளனர். கண்டிக்குக் கிடைத்ததைப் போன்ற பெருநிலையம் எமக்கு நாளையே வந்துவிடாது. வரும்வரை கைகட்டி இருத்தலும் தகாது.

ஆகவே, வாலிப அன்பர்களே! செய்யக் கூடியவை பல உள. ஒவ்வொரு பீலியின் தலையூற்றையும் கண்டறிந்து, வேலியிட்டு, அதன் மேற்புறத்தில் மலசலகூடமோ மாட்டுத் தொழுவமோ அமையாது காத்தல் ஒன்று. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியேனும் இருக்கின்றதா என்று அளந்து பார்த்தல் ஒன்று. நிரம்பிய குழியைக் கல்லி பவுசர் கொண்டு இறைப்போர் அதனை எங்கே கொண்டு சென்று ஊற்றுகின்றனர் என்று வினாவுதல் ஒன்று. ஊற்று நீரையும் கிணற்று நீரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுதல் ஒன்று. சோதிக்கும்வரை கொதித்தாறிய நீரையே பருகச் செய்தல் ஒன்று. திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்துத் தாகம் தீர்க்கும் எம் இளைஞர், அப்பந்தலின் அழுக்குநீர் போகும் வழியையும் ஒழுங்கு செய்தல் இன்னொன்று.

2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரையும் கழிவகற்றலையும் ஒரே தீர்மானத்தில் மனித உரிமையென ஏற்றது. உரிமையென்று உலகம் ஒப்புக்கொண்டதைக் கேட்டுப் பெறுதல் எமது கடமை. அதனைக் கேட்கும்போது குழாய்நீர் தாருங்கள் என்று மாத்திரம் கேளாது, போகும் நீருக்கும் வழி செய்யுங்கள் என்று சேர்த்துக் கேட்போமாக. கண்டி நகரம் இரண்டாவது கேள்வியைக் கேட்க ஒரு நூற்றாண்டு எடுத்தது. ஊரையே நீருக்குக் கொடுத்த தெல்தெனிய அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.